தானாகச் செத்த சலுகை

விழுவதற்கு வசதியான இடத்தை மைக் அண்ணன் காலையிலேயே பார்த்து வைத்துவிட்டார். முன்வரிசைக்கும் சபாநாயகர் மேடைக்கும் நடுவில் கம்பளம் மெத்தென்று இருந்தது.

ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஆளுங்கட்சியில் பழம் தின்று கொட்டை போட்ட உறுப்பினர். வெளிநடப்பு செய்திருக்கிறார், நாற்காலியைத் தூக்கி அடித்திருக்கிறார். மயங்கி விழுந்ததுதான் கிடையாது.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகளுக்கும் கொழுத்த வருமானக்காரர்களுக்கும் ஒரு தேர்தல் நேரத்தில் வரியைக் குறைத்துக் கொடுத்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். அன்றைக்கு இளைக்க ஆரம்பித்த கஜானா இன்றைக்கு எலும்பும் தோலுமாக நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பஞ்சு கேட்டால் நர்ஸ் சிரிக்கிறாள்.

அந்தச் சலுகை இன்றோடு காலாவதி. நீட்டிக்க வேண்டுமென்றால் இன்றைக்கே வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும்.

நீட்டித்தால் அரசாங்கம் திவால். வேண்டாம் என்று கை தூக்கினால், அடுத்த தேர்தலுக்கு நன்கொடை தருகிற கைகள் மூடிக்கொள்ளும்.

கட்சி மூளையைக் கசக்கியதில் ஒரு வழி பிறந்தது. வாக்கெடுப்பே நடக்கக் கூடாது. சலுகை தானாகச் சாகட்டும். கொன்றவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது.

“ரத்தக்கொதிப்பு, சர்க்கரை ரெண்டும் உங்களுக்குத்தாண்ணே இருக்கு. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றார் கட்சியின் கொறடா. வாரியத் தலைவர் பதவி ஒன்று காலியாக இருப்பதையும் அப்படியே காதில் போட்டுவைத்தார்.

மைக் அண்ணன் எழுந்தார். சலுகையை நீட்டித்தே ஆக வேண்டும், தொழில் செழிக்கும், வேலை பெருகும் என்று கூரை அதிர முழங்கினார். பேசப் பேச அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

பின்னால் கொறடா பலமாக இருமினார்.

மைக் அண்ணன் மார்பைப் பிடித்தார். தள்ளாடினார். நாலு எட்டு முன்னால் வந்து, இடம் பார்த்து, சாய்ந்தார்.

மன்றம் அலறியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் கச்சிதமாக நடந்துவிட்டது.

“என்னங்க! என்னங்க, கண்ணைத் தொறங்க!”

மனைவியின் குரல்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரை அவள் கதவிடுக்கில் கவனித்திருக்கிறாள். ஒத்திகை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மனசு கேட்காமல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

காவலர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். கம்பளத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். அவள் கை அவர் நெஞ்சை விடாமல் நீவிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் ஒருவர்தான் பேசுவார். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கண்ணீர் அவர் நெற்றியில் சொட்டியது.

வாரியமாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றிவிட்டது மைக் அண்ணனுக்கு. லேசான தலைசுற்றல் என்று சொல்லி எழுந்துவிடலாம். வாக்கெடுப்பு நடந்தால் நடக்கட்டும். நாட்டைவிட இந்த நீவுகிற கை பெரிதாக இருந்தது.

இமை அசைந்தது.

அதற்குள் யாரோ அவர் மணிக்கட்டைப் பிடித்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினரான டாக்டரம்மா. சலுகை போனால் நாடே இருண்டுவிடும் என்று சற்று முன்புதான் மேசையைக் குத்திக் குத்திப் பேசியவர்.

நாடி பார்த்தார். அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து மைக் அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

தொலைந்தோம் என்று நினைத்தார் அவர். ஒரு வார்த்தை போதும், ஆட்சியே நாறிவிடும்.

டாக்டரம்மா அவர் நெஞ்சில் காதை வைப்பதுபோலக் குனிந்தார்.

“அசையாதீங்கண்ணே. நீங்க எந்திரிச்சிட்டா அடுத்து நான் விழணும். எங்க கட்சியில என்னைத்தான் சொல்லியிருக்காங்க.”

பிறகு நிமிர்ந்து, சபாநாயகரைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

மன்றம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

எதற்குமே ஒன்று சேராத இரண்டு கட்சிக்காரர்களும் ஸ்ட்ரெச்சருக்குத் தோள் கொடுத்தார்கள். கொறடா கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். எதிர்க்கட்சித் தலைவர் இன்னும் பெரிய கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

மனைவி செருப்பைக்கூட விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். டாக்டரம்மா அவள் தோளை அணைத்தபடி கூடவே வந்தார்.

“பயப்படாதீங்கம்மா, அவருக்கு ஒண்ணும் இல்லை” என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வாசலில் கேமராக்கள் காத்திருந்தன. அவள் அழுகை ஒன்றுதான் அங்கே அசல்.