புதிய டீச்சர் ஏறி வருகிறார்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியாகியும் பனி விலகவில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாசலில் அதிபர் சவரிமுத்து நிற்கிறார். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுத்தவர், செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலகத்தில் ஓர் ஆசிரியரைக் கேட்டுக் காத்துக் கிடந்தவர், புதனும் வியாழனும் மூன்று வகுப்புகளைத் தனியாகச் சமாளித்தவர். தேயிலைக்கு நடுவே ஒரு நீலக் குடை மெல்ல ஏறி வருகிறது. கேட்ட ஆசிரியர் வந்துவிட்டார், பெயர் சுபாங்கி. போன வருடம் வந்தவர் காலில் கடித்த அட்டையைப் பார்த்து அலறி, மறுநாளே மாற்றல் கேட்டுப் போனார். சுபாங்கியின் கணுக்காலிலும் இரத்தம் வழிகிறது. அதிபர் இரண்டடி முன்னே வருகிறார்.

"உப்புக் கொண்டு வரச் சொல்லவா டீச்சர்?"

சுபாங்கி குனிந்து, அட்டையை நகத்தால் நெம்பிச் சுண்டி எறிகிறார். "உப்பு எதுக்குங்க சேர்? எங்கம்மா கொழுந்து எடுத்துட்டு வந்தா, தெனம் நாலு அட்டை நான்தான் புடுங்குவேன். எந்த வகுப்புக்குப் போறதுங்க?"

"எதுல சத்தம் கூடவோ, அதுக்குத்தாங்க."

சுபாங்கி உள்ளே போகிறார். "டீச்சர், ரத்தம்!" என்று ஒரு சிறுமி கத்துகிறாள்.

"ஆமாடி, அட்டைக்குப் பசி. நீ உக்காரு."

வகுப்பே சிரிக்கிறது. வெளியே கிடக்கும் குட்டிப் பெஞ்சில், முழங்கால் நாடியை முட்ட, அதிபரும் உட்காருகிறார்.