சுகந்தி கட்டியிருந்த பட்டை

முனிரத்தினம் ஸ்பானரைக் கை நழுவவிட்டதுகூடப் பரவாயில்லை. அது சூப்பர்வைசரின் காலில் போய் விழுந்ததுதான் வினையாகிவிட்டது. அன்றிலிருந்து, தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் எல்லோரும் கட்டும் நடத்தைப் பட்டை அவன் மணிக்கட்டில் எச்சரிக்கை மஞ்சளாகவே எரிந்தது. நடை, பிடி, நடுக்கம் எல்லாவற்றையும் கவனித்து, யார் கையால் விபத்து வரும் என்று பட்டை முன்கூட்டியே சொல்லிவிடும். வீட்டிலும் கழற்றக்கூடாது. சிவப்பு எரிந்தால் வேலை போய்விடும்.

இருபது வருடத்தில் ஒரு டம்ளரைக்கூடக் கீழே போடாதவள் மனைவி சுகந்தி. தினமும் வீட்டுக்கு வந்ததும் பட்டையை அவள் கையில் கட்டிவிட்டு, வேலைக்குப் போகும்போது தான் கட்டிக்கொண்டான். அவளுடைய நிதானமும் அவன் கணக்கில் சேர்ந்து, மூன்று வாரம் பச்சையாக எரிந்தது. தன் மூளையை எண்ணித் தானே பூரித்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கையில் பட்டை சிவந்தது. ‘வலது கைப்பிடி தளர்கிறது. சூடானதையும் கனமானதையும் தொடவேண்டாம்’ என்றது.

“அடிப்பாவி, என் வேலைக்கு உலை வெச்சிட்டியே!” என்று சிரிக்கப் பார்த்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தான். அது அவன் கை இல்லையே!

சுகந்தி இடது கையால் சோற்றுப்பானையை இறக்கப்போனாள். அவன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

“கைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு வேலைக்குப் போய் என்ன சொல்றதுன்னு யோசிங்க.”

“வேலை கெடக்குது, சொல்லு.”

அவள் வலது உள்ளங்கையை விரித்தாள். நடுவில் பெரிய கொப்புளம்.

“ஒரு வாரமா மரத்துப்போவுது. நேத்து தோசைக்கல்ல வெறுங்கையால புடிச்சிருக்கேன். கொப்புளத்தப் பாத்துதான் சுட்டுச்சுன்னே தெரிஞ்சது.”