ஒன்பது புள்ளிகள்

பின் டயர் ரிம்மை விட்டு இறங்கிய சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது.

தேரிக்காட்டுச் செம்மணலுக்குள் ஒரு பனை வேர் ஒளிந்திருந்தது. அதன்மேல் மோட்டார் பைக்கைச் சாய்த்துத் திருப்பினாள். அவ்வளவுதான். மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விட்டது.

மணி இரண்டு ஐம்பது. நான்கு மணிக்குள் போட்டிக் கொடியைத் தாண்ட வேண்டும். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

தாண்டாவிட்டால் நாளைக்கு நாசரேத் ஊரிலிருந்து வாங்குகிற ஆள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அது அவளே வாய்விட்டுச் சொன்னது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே தேரியில் உடைமுள் ஏறி, டியூப் கிழிந்து, பாதியில் நின்றாள். மூன்றாவது தடவையும் நின்றால் வண்டியை விற்றுவிடலாம் என்றாள். எட்வின் சரி என்று மட்டும் சொன்னான். கட்டிய புருஷன், ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லக் கூடாதா?

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இனி டியூபே வேண்டாம், டியூப்லெஸ் ஆக்கிவிடலாம் என்றான். போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் முப்பத்தாறு இடத்திலும் காற்று கசியாமல் பசை வைத்து அடைத்தான். ஒரு வாரம். மடங்காத வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு.

மூன்று வருடத்துக்கு முன் இந்தத் தேரியில்தான் அவன் விழுந்தான். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. அந்த ஒரு வாரம்தான் வாய் ஓயாமல் பேசினான்.

டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் பிடுங்கக் கூடாது என்றான். அது தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு கிடக்கும்.

டியூப் ஒன்று கையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்கு வெட்டிச் சுமை? மணல்ல காத்தப் பத்து பவுண்டுக்கு எறக்கிக்கோ. நான் சொல்லுதேம்லா."

இறக்கினாள். இதோ நிற்கிறாள்.

பம்பை எடுத்து அடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் ஏறிய காற்று மறுபக்கம் வெளியேறியது. கைப்பம்புக்கெல்லாம் டயர் ரிம்மில் ஏறி உட்காராது. அவளுக்கும் தெரியும். ஆத்திரத்தில் அடித்தாள்.

பம்பைத் திரும்ப வைக்கும்போது சாமான் பையின் அடியில் எதுவோ மெத்தென்று பட்டது.

புது டியூப். பவுடர் போட்டு, மடித்து, ரப்பர் பேண்டு மாட்டி.

"அடப்பாவி மனுஷா" என்றாள், ஆளில்லாத காட்டில்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். டியூபை உள்ளே வைத்தால் டயரில் கிடக்கும் முள் ஒவ்வொன்றும் அதைக் குத்தும். ஒரு மாதமாக இதே டயரில் தேரி முழுக்கச் சுற்றிப் பழகியிருக்கிறாள். எத்தனை முள்ளோ, எங்கெங்கே கிடக்கிறதோ.

சக்கரத்தைக் கழற்றினாள். டயரின் பக்கவாட்டில் அப்பியிருந்த செம்மண்ணைத் துடைத்தாள்.

ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி.

இன்னும் துடைத்தாள். இன்னொன்று.

வியாழக்கிழமையிலிருந்து அவள் வீடெல்லாம் தேடிய நெயில் பாலிஷ்.

முதல் புள்ளிக்கு நேரே டயருக்குள் விரலை விட்டாள். சுருக்கென்றது.

முள்.

ஒன்பது புள்ளி. ஒன்பது முள். எல்லாவற்றையும் குறட்டால் பிடுங்கிப் போட்டாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டியூபை எடுத்தாள்.

எடுத்தவள் நின்றாள்.

புள்ளி வியாழக்கிழமை வரைக்கும்தான். இன்று காலையிலிருந்து மட்டும் எண்பது கிலோமீட்டர் வந்திருக்கிறாள்.

மணி மூன்று பத்து. இப்போதே மாட்டினால் நான்கு மணியைப் பிடித்துவிடலாம். டயர் முழுக்கத் தடவிப் பார்த்தால் முடியாது.

போன இரண்டு தடவையும் அவசரத்தில் மாட்டித்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு, உட்புறம் முழுக்க மெதுவாகத் தடவினாள்.

இரண்டு கிடைத்தன.

கொடியடிக்கு வந்தபோது மணி நான்கு ஆறு. கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் எட்வின் நின்றான். மணலில் ஊன்றுகோல் பதிந்திருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு அந்த ஆள வரச் சொல்லிருங்க, அத்தான்."

அவன் ஊன்றுகோலைக் கீழே வைத்தான். காலை நீட்டி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

"எத்தன எடுத்த?"

"பதினொண்ணு."

"ஒம்பதுல்லா வச்சிருந்தேன்."

"ரெண்டு இன்னைக்கு ஏறுனது."

தலையாட்டினான். டயரை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"டியூபு இல்லாத டயருக்குப் பத்து பவுண்டு ரொம்பக் கொறச்சல். டியூபு போட்டு ஓட்டுன பழக்கத்துல சொல்லிட்டேன். என் தப்புதான்."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தான். தரப்போகிறான் என்று கையை நீட்டினாள். தரவில்லை. ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் செம்மண்ணைச் சட்டை நுனியால் துடைத்தான். மூடியைத் திருகி, பொறுமையாக, 14 என்று எழுதினான்.

அவள் குனிந்து விரலைக் கொண்டுபோனாள்.

"தொட்டுராத. காயட்டும்."