வடகரைக் குருகு

சிமெண்ட் முதலாளி கொட்டாவியை அடக்கக்கூட முயலவில்லை.

பறவை ஆராய்ச்சி செய்யும் அவள் பார்க்காதது போல இருந்தாள். பறவை பார்ப்பதற்காகக் கட்டிய மரக்குடிலின் துவாரம் வழியே சதுப்பு நிலம் முழுக்க விடிந்துகொண்டிருந்தது. நாணல் அசையவில்லை. ஒரு தவளைகூட வாயைத் திறக்கவில்லை.

இந்த மனிதர் இன்று சரி என்றால், சதுப்பு முழுவதையும் விலைக்கு வாங்கி அவளுடைய அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். முடியாது என்றால், லாரி லாரியாக மண்ணைக் கொட்டி அடுக்குமாடி எழுப்ப வேறு ஆள் தயாராக நிற்கிறார். முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குருகு இருக்குன்னு காட்டுங்க டாக்டரம்மா, வாங்கித் தர்றேன். வெறும் சேத்தை வாங்கி நான் என்ன பண்ண?"

நியாயம்தான். ஆனால் நாணல் குருகு லேசில் கண்ணில் படுகிற ரகமில்லை. விடியும் நேரத்தில் குரல் கொடுத்தால்தான் உண்டு. நாலு வருடமாக அந்தக் குரலும் இல்லை. இருக்கிறது, இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் அடித்துச் சொன்னவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துக் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளோடு சேற்றில் இறங்கிய மனுஷன், இன்றைக்குப் போய்ப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

"நீ போ. அது கூப்பிடும் பாரு."

முதலாளி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார்.

இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்று கெஞ்ச வேண்டும். கெஞ்ச வரவில்லை.

அப்போதுதான் கூப்பிட்டது.

காலிப் பானைக்குள் வாய் வைத்து ஊதினாற்போல, நாணலுக்குள்ளிருந்து ஆழமாக, ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

முதலாளி பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும் என்பது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்கு அழுகை முட்டியது. சதுப்பு பிழைத்தது என்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. குருகு இருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் வீணாகவில்லை.

"போதும்மா, போதும். இன்னைக்கே வக்கீலைக் கூப்பிட்டுடறேன்" என்று முதலாளி கிசுகிசுத்தார்.

மூன்றாவது முறையும் கூப்பிட்டது. பிறகு ஓய்ந்தது.

பறவைக் குரலைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குரல் ஓய்ந்ததும், கருவியை நிறுத்துவதற்கு முன்னால், அது என்ன பறவை, எந்த இடம் என்று தாங்களே சொல்லி முடிப்பார்கள். பின்னால் குழப்பம் வரக் கூடாதே.

நாணலுக்குள்ளிருந்து அவளுடைய குரல், கல்யாணமான புதிதில் இருந்த குரல், சந்தோஷமாகச் சொன்னது:

"நாணல் குருகு. ஆண். வடகரை. பதிவு பண்றது நானும் என் வீட்டுக்காரரும்."

முதலாளி நாணல் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்தார்.