விளக்குகள் ஆடும் ஒத்திகை

பிளேஸ்டோ என்ற ஊரில், வாரத்துக்கொரு நாடகம் போடும் அரங்கைத் தொடங்கி வாழ்நாளையே அதற்குக் கொடுத்த சந்திரவதனா, மாலைக் காட்சிக்கான ஒத்திகையை முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். விளக்கொளியில் வெள்ளைத் தூசு மெல்ல இறங்கி, மேடையில் தனியே நிற்கும் தர்மிகாவின் கூந்தலில் படிகிறது. உயரே, விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டம் முனகுகிறது. தர்மிகா வசனத்தை நிறுத்துகிறாள். "அன்ரி, மேல ஏதோ முறியுது." "நிப்பாட்டாதை பிள்ளை, சொல்லு." எந்த ஒத்திகையையும் பாதியில் விட்டவரல்ல சந்திரவதனா. சட்டம் மறுபடி முனகுகிறது. காற்றே இல்லாத மண்டபத்தில் விளக்குகள் ஆட, தர்மிகாவின் நிழல் சுவரில் நீண்டு நீண்டு குறுகுகிறது. சந்திரவதனா எழுந்து மேடைப் படியை நோக்கி விரைகிறார். "ஓடு பிள்ளை! கீழ இறங்கு!" என்று கத்துகிறார். அவள் படியில் கால் வைக்கும்போதே விளக்குகள் அணைகின்றன. இருட்டில் தர்மிகாவின் குளிர்ந்த கை சந்திரவதனாவின் கையைத் தேடிப் பிடிக்கிறது. மேலே முனகல் இன்னும் நிற்கவில்லை.