சிவப்புக் கிட்டாரின் தழும்புகள்

செல்வின் தன் வீட்டிலேயே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்தான். சிவப்புப் பெயிண்ட் காய்ந்ததும், நூறு மேடை கண்ட கிட்டார் போலத் தெரிய வேண்டுமென்று உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்து மரத்தை வெளியே காட்டினான்.

மறுநாள் புதுக் கம்பிகளை மாட்டினான். அவை மிரண்டுபோய்க் கேட்டன: "இவ்வளவு காயமும் எப்படி ஆச்சு, தலைவரே?"

"எல்லாம் போராட்டம்தான், தம்பிகளா. தோளில் இருப்பது மாநாட்டு மேடையில் வாங்கிய கல்லடி. இடுப்பில் இருப்பது தடியடி. வலியை நான் பொருட்படுத்துவதில்லை" என்றது கிட்டார்.

மேசையில் கிடந்த உப்புத்தாள், "நேற்று சாயங்காலம் நான் தேய்த்ததுதானே, அண்ணே?" என்றது.

"துரோகிகள் எந்தக் காலத்திலும் உண்டு" என்றது கிட்டார். கம்பிகள் உப்புத்தாளை முறைத்தன.

செல்வின் முதன்முறையாக வாசிக்கக் கிட்டாரைத் தூக்கித் தோளில் மாட்டினான். அவனுடைய பெல்ட் பக்கிள் கிட்டாரின் முதுகில் லேசாக உரசியது.

"ஐயோ, கீறிட்டான். என்னை இறக்கி வைக்கச் சொல்லுங்க" என்று கிட்டார் அலறியது. கம்பிகளுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. கிட்டார் குரலைத் தாழ்த்தி உப்புத்தாளிடம் கெஞ்சியது: "கொஞ்சம் பார்த்துச் சொல்லேன், ரொம்ப ஆழமா?"

"ஒரு மயிரிழை அளவுதான்" என்றது உப்புத்தாள். "நேற்று நான் தேய்த்தபோது சிரித்துக்கொண்டுதானே இருந்தீங்க, தலைவரே?"