ஆடி மிதித்த ஓடுபாதை

ஆஸ்திரேலியாவின் ஆளுகையில் இருந்த நியூகினி மலைகளுக்குப் போய் மெல்பேர்ண் திரும்பிய எஞ்சினியர் குலசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த ஊருக்கு றோட்டே இல்லை. சனம் கூட்டமாய் ஆடி மிதிச்சு, நிலத்தை இறுக்கித் பிளேன் இறங்கத் தாங்களே போட்ட ஓடுபாதை. அதை மூடுறதோ விடுறதோ எண்டு அரசாங்கத்துக்கு நான்தான் எழுத வேணும்."

"பாவம் அதுகள். கேக்கிறபடியே எழுதிவிடுங்கோவன்," என்றாள் மனைவி தவமலர்.

"மூடச் சொல்லித்தான் கேக்குதுகள்."

"ஏனாம்?"

"பிளேன் ஏறிப் போன பிள்ளையள் ஒருத்தரும் திரும்பி வரேல்லையாம்."

தவமலர் அகப்பையைச் சோற்றுப் பானைக்குள் வைத்தாள். இவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் எல்லாரும் கையசைக்க, அவளுடைய அம்மா மட்டும் பிளேனையே முறைத்துக்கொண்டு நின்றது ஏனென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.